ஏழாம் பக்கத்து விதி

“நீ ரெண்டு நாள் ஆடுவ. மூணாம் நாள் தோத்ததும் ரூலே தப்புன்னு சொல்லுவ. படிச்ச புள்ளைக்கு இது எதுக்குட்டி?”

அக்கா என்னிடம் பேசிய முதல் பேச்சு இது. தாராவியில் கார்கானா என்று சொல்லும் ஒரு சின்னப் பட்டறையின் மேல்தளம். மத்தியான சாப்பாட்டு நேரம். பழைய ஃப்ளெக்ஸ் பேனரைத் தரையில் விரித்து, அதன்மேல் அட்டைக் கட்டங்களைப் பரப்பிக்கொண்டு மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நானும் வரட்டுமா என்று கேட்டேன். அதற்கு வந்த பதில்தான் அது. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது, பி.காம். இரண்டாம் வருடம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அந்தப் படிப்பை யாராவது கேலியாகத் தொட்டால் எனக்குச் சுருக்கென்று வந்துவிடும்.

“ரூல் புக்கைக் குடுங்க. வாசிச்சுட்டுச் சொல்லுதேன்” என்றேன்.

அன்று வாங்கிய அந்தச் சின்னப் புத்தகத்தை இன்றுவரை நான் கீழே வைக்கவில்லை. இப்போது எனக்குச் சம்பளம் வருவதே அதனால்தான். அந்த விளையாட்டு கடைகளில் கிடைக்கிறது. பெட்டியைத் திறந்தால் விதிப் புத்தகம் மேலாக இருக்கும். அதன் ஏழாம் பக்கத்தில், விழுந்தவரைத் தூக்கிவருவது பற்றி ஒரு விதி. கடைசிப் பக்கத்தில், அந்த விதியை ஆக்கியவர் என்று என் பெயர்.

அது என் விதி இல்லை. அக்காவுடையது. மூன்று வருடமாக இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அக்காவுக்கு அப்போது முப்பத்தைந்து இருக்கலாம். கார்கானாவில் கீழே பஞ்சிங் மெஷின், இரும்பு ஏணியில் ஏறினால் மேலே பேக்கிங். அச்சாகி வரும் அட்டை ஷீட்டுகளைக் கீழே வெட்டி மேலே அனுப்புவார்கள். அவற்றிலிருந்து அறைகள், பூதங்கள், உயிர் வில்லைகள் எல்லாவற்றையும் உதிர்த்துப் பையில் போட்டுப் பெட்டிக்குள் அடுக்குவது எங்கள் வேலை. பழுதானதை ஒதுக்குவது அக்காவின் வேலை. ஷீட்டை ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாள். “ஆவாது” என்று இடதுபக்கம் போட்டால் போட்டதுதான். அட்டை கீறிக் கீறி அவள் விரல் நுனியெல்லாம் கோடு கோடாக இருக்கும். குழம்பு பட்டால் எரியும் என்று ஸ்பூனால் சாப்பிடுவாள். அதனால் கீழே மெஷினில் நிற்பவர்கள் அவளை “மேம்சாப்” என்பார்கள். “மேம்சாப் சாப்பிடுதா, போய் அவனவன் வேலையப் பாருங்கலே” என்று அவளும் ஏணிக்குள் குனிந்து சத்தம் கொடுப்பாள்.

ஒதுக்கியதெல்லாம் பழைய காகிதம் வாங்கும் ரத்திக்காரனுக்குப் போகும். அதில் ஒரு செட் மட்டும் தரும்படி அக்கா கார்கானா முதலாளி சேட்டிடம் கேட்டாளாம். குப்பைதானே, எடுத்துக்கொள் என்று அவர் சொல்லிவிட்டார். எங்கள் செட் முழுக்க அப்படிப் பொறுக்கிச் சேர்த்த பழுதுகள். ஒரு பாதை நேராகப் போய்ச் சுவரில் முட்டும். நாகத்தின் அச்சு விலகிப்போய் ஒரு பாம்புக்கு இரண்டு உருவம். எல்லாவற்றையும்விடப் பெரிய பழுது ஸ்டாண்டில். வீரர்களின் அட்டை உருவத்தைச் செருகி நிற்கவைக்கும் வெட்டு, அந்தத் தடவை வெட்டிய ஷீட்டுகளில் ஒரு நூல் அகலமாக விழுந்துவிட்டது. பகடையைக் கொஞ்சம் வேகமாக உருட்டினால் போதும், எங்கள் வீரர்கள் மல்லாந்துவிடுவார்கள்.

ஆட்டம் இதுதான். நான்கு பேர் ஒரு பாதாளத்துக்குள் இறங்குகிறார்கள். வாள்காரன், வில்காரி, மந்திரவாதி, திருடி. தங்களுக்குள் போட்டி கிடையாது. எல்லோரும் ஒரு கட்சி, பாதாளம் எதிர்க்கட்சி. அறை அறையாகத் திறந்துகொண்டே போகவேண்டும். ஒவ்வோர் அறைக்கும் ஒரு கார்டு. எலும்புக்கூடு வரும், ராட்சசத் தேள் வரும், தரை திறந்துகொள்ளும். அடியில் இருக்கும் கிரீடத்தை எடுத்துக்கொண்டு, விளக்கில் எண்ணெய் தீர்வதற்குள் படிக்கட்டுக்குத் திரும்பவேண்டும்.

கார்டுகள் ஆங்கிலத்தில் இருந்தன. அக்காவுக்கு எண்கள் தெரியும், எந்த மொழி எழுத்தும் தெரியாது. நான் வரும்வரை படத்தைப் பார்த்து உத்தேசமாக விளையாடிக்கொண்டிருந்தார்கள். தேள் படம் வந்தால் அக்கா அதற்குத் தகுந்த ஒரு தண்டனையை அவளே சொல்லிவிடுவாள். நான் வந்தபிறகு கார்டைத் தமிழில் வாசித்துச் சொல்வது என் வேலையாயிற்று. அவள் கண்ணை மூடிக் கேட்பாள். முடிந்ததும் ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி:

“அவ்ளோதானா? சின்ன எழுத்துல ஒண்ணும் இல்லையே?”

கார்டின் அடியில் பொடி எழுத்தில் சில சமயம் ஒரு விலக்கு இருக்கும். முதல் நாளே அதை நான் வாசிக்காமல் விட்டு, எல்லோருக்கும் ஒவ்வோர் உயிர் போயிற்று. அதிலிருந்து அவள் கேட்காமல் விட்டதே இல்லை.

நான் அந்தக் கார்கானாவுக்குப் போனது அம்மாவின் இடத்துக்கு. அம்மா அங்கேதான் பேக்கிங்கில் இருந்தாள். குழாயடியில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு. காலையில் மாட்டுங்காவில் கல்லூரி, மத்தியானத்திலிருந்து கார்கானா என்று ஆறு மாதம் ஓட்டினேன். அக்காவும் தாராவி லேபர் கேம்ப் குடியிருப்பில் எங்கள் சந்தில்தான் இருந்தாள், நான்கு வீடு தள்ளி. அதுவரை அவளோடு நான் பேசியதில்லை. பரீட்சை, படிப்பு என்று சந்தில் யாரோடும் நான் பேசியதில்லை.

மூன்றாவது நாள் ஆட்டத்தில் என் வில்காரி தேளிடம் கடைசி உயிரையும் விட்டாள். விதிப்படி அவளை எடுத்துப் பெட்டியில் போட்டுவிடவேண்டும். ஆட்டம் முடியும்வரை நான் சும்மா உட்கார்ந்திருக்கவேண்டும். நான் எடுப்பதற்குள் செல்வி பகடையை உருட்டிவிட்டாள். செல்வி எங்களோடு பேக்கிங்கில் இருந்தவள், எதையும் மெதுவாகச் செய்யத் தெரியாதவள். வில்காரியும் பக்கத்தில் நின்ற திருடியும் சேர்ந்து விழுந்தார்கள். அக்கா இரண்டு பேரையும் நிமிர்த்தி வைத்தாள்.

“யக்கா, வில்காரி செத்துட்டா.”

“யாரு சொன்னா? ஸ்டாண்டு சரியில்லாம விழுந்து கெடக்கா.”

“திருடிதான் ஸ்டாண்டால விழுந்தா. இவ செத்து விழுந்தா.”

“ரெண்டு பேரும் ஒண்ணுபோலத்தானட்டி கெடந்தாளுவ? இவ செத்தா, அவ தடுக்கி விழுந்தான்னு எதை வச்சுச் சொல்லுத? நாடி புடிச்சுப் பாத்தியா?”

செல்வி தரையைத் தட்டிச் சிரித்தாள். கட்டத்தில் நின்ற நான்கு வீரர்களும் மல்லாந்தார்கள்.

“ரூல்ல போட்டிருக்குக்கா. உயிர் தீந்தா எடுத்திரணும்.”

“ரூல் எழுதினவன் இந்த ஸ்டாண்டப் பாத்திருக்க மாட்டான்.” அக்கா அதற்குள் தன் வாள்காரனைத் திருப்பி, வந்த வழியே நான்கு கட்டம் நகர்த்தி, என் வில்காரி கிடந்த கட்டத்தில் கொண்டுவந்து வைத்தாள். “தூக்கிட்டேன்.”

“அப்படியெல்லாம் தூக்க முடியாதுக்கா.”

“ஒங்கம்மாவ எப்படித் தூக்கினேன்?”

வில்காரியை எடுக்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

அது நான் முதலில் ஆடிய நாளுக்கும் அன்றைக்கும் நடுவில், மழையால் கார்கானா திறக்காத ஒரு நாளில் நடந்தது. பட்டப்பகலில் சந்து இருட்டிவிட்டது, கரண்டும் போய்விட்டது. தண்ணீர் வாசல்படி ஏறி, அம்மா படுத்திருந்த கட்டில்வரை வந்துவிட்டது. அப்பா வேலையில். நான் கிங்ஸ் சர்க்கிளில், தண்ணீர் வடியட்டும் என்று ஒரு கடைப் படியில் நின்றுகொண்டிருந்தேன். சந்தில் எல்லோரும் பெரிய ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்தபிறகு அக்கா ஆட்களை எண்ணிப் பார்த்திருக்கிறாள். ஒரு ஆள் குறைந்தது. திரும்பி வந்து, மாவுக்கட்டோடு அம்மாவை முதுகில் தூக்கிக்கொண்டு அந்தச் சந்து முழுவதும் இடுப்பளவு தண்ணீரில் நடந்திருக்கிறாள். இரண்டு கையும் அம்மாவின் தொடைக்கடியில். வழி தெரியவேண்டுமே. அம்மா அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி மொபைல் லைட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாளாம். “இடதுபக்கம் சாக்கடை மூடி இல்ல, வலதுபக்கம் போ” என்று வழிநெடுக அதட்டிக்கொண்டே வந்தாளாம்.

“தூக்கிட்டு வாரவளுக்குக் கை ஏதுட்டி?” என்றாள் அக்கா, வாள்காரனை ஒரு விரலால் அமர்த்திப் பிடித்தபடி. “சண்டையும் சரியாப் போட முடியாது, வேகமாவும் நடக்க முடியாது. வெளக்க யாரு புடிப்பா? தோள்ல கெடக்குறவதான். அவளுக்கு வேற சோலி இல்லல்லா? நல்லாப் பாத்துப் புடிப்பா.”

அப்படித்தான் அந்த விதி உண்டானது. விழுந்தவள் சாகவில்லை. அவளை மல்லாத்தி வைக்கவேண்டும். யாராவது அவள் கட்டத்துக்கு வந்தால் தூக்கிக்கொள்ளலாம். தூக்கியவளுக்கு ஐந்து கட்டத்துக்குப் பதில் மூன்று கட்டம்தான் நடை, இரண்டு பகடைக்குப் பதில் ஒரு பகடைதான் சண்டை. ஆனால் எண்ணெய் எவ்வளவு குறையும் என்று காட்டும் விளக்குப் பகடையைத் தோளில் கிடப்பவள் உருட்டுவாள், சரியாக விழவில்லை என்றால் இன்னொரு தடவை உருட்டலாம். படிக்கட்டுக்கு வந்து சேர்ந்தால் அவளுக்கு ஓர் உயிர் திரும்பக் கிடைக்கும். ஐந்து கட்டமா மூன்று கட்டமா என்று ஒரு மாதம் சண்டைபோட்டு, ஆடி ஆடிப் பார்த்துத்தான் முடிவு செய்தோம். முடிவானதையெல்லாம் பழுதான ஒரு கார்டின் வெள்ளைப் பக்கத்தில் நான் ஆங்கிலத்தில் எழுதி வைத்தேன். எழுதியது நான் என்பதால்தான் பிற்பாடு என்னை நானே ஏமாற்றிக்கொள்ள முடிந்தது.

அந்த விதி வந்தபிறகு நாங்கள் அதிகமாகத் தோற்றோம். கிரீடத்தின் வாசலில் நின்றுகொண்டு அக்கா யாருக்காகவாவது திரும்புவாள். சில நாள் அது எரிச்சலாக இருக்கும். ஒருநாள் செல்விக்குச் சீக்கிரம் போகவேண்டியிருந்தது. வேண்டுமென்றே பூதத்தின் வாயில் போய் நின்று உயிரை விட்டாள்.

“என்ன விட்டுருக்கா. நான் செத்துட்டேன். வீட்டுல குக்கர் வைக்கணும்.”

“செத்தவ எப்படிட்டி குக்கர் வைப்பா? கெட அங்ஙனயே. வாரேன்.”

“யக்கா, கும்பிடுதேன்!”

“இன்னும் மூணு கட்டம்தான். வந்துட்டேன்.”

செல்வி செருப்பை மாட்டிக்கொண்டு ஏணியில் பாதி இறங்கியபடி விளக்குப் பகடையை உருட்டிவிட்டுப் போனாள்.

வெளியேயும் அக்கா அப்படித்தான். எங்கிருந்து கிளம்பினாலும் தலையை எண்ணுவாள். தீபாவளிக்கு முந்தின வாரம் கிங்ஸ் சர்க்கிளில் தோசை சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். பஸ் கிளம்பியதும் எண்ணினாள். செல்வி இல்லை, பூ வாங்க நின்றுவிட்டாள். அடுத்த ஸ்டாப்பில் எல்லோரையும் இறக்கி, நடத்திக்கொண்டு போனாள். எனக்கு மறுநாள் பரீட்சை.

“போன் பண்ணினா போதாதாக்கா? காலி பீலியா, ஒண்ணுமில்லாததுக்கு இறங்கி நடக்கணுமா?”

“போன் பண்ணினா ‘வாரேன்’னுதான் சொல்லுவா. அவ தனியா நிக்குதாளா இல்லையான்னு போன்ல தெரியுமா?”

பாதி தூரம் நடந்தபோது எதிரே வந்த பஸ்ஸின் ஜன்னலிலிருந்து செல்வி எங்களைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே போனாள். நான் கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அக்கா அந்தப் பஸ் போவதைப் பார்த்து, “ஆளு சரியாப் போச்சு” என்றாள். அவ்வளவுதான். இறக்கி நடத்தியதற்காக வருத்தப்பட்டதாகவே தெரியவில்லை.

அவர் வந்தது ஜனவரியில். அவர்தான் அந்த விளையாட்டை உருவாக்கியவர். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், செம்பூரில் சின்னதாக ஆபீஸ் வைத்திருந்தார். தமிழ் பேசுவார், வாசிக்கத் தெரியாது. பழுது ஏன் இவ்வளவு என்று பார்க்க வந்தவர், ஏணியேறி மேலே தலையை நீட்டியபோது நாங்கள் பாதாளத்தில் இருந்தோம்.

“இதென்னது, விழுந்ததைத் தூக்கிண்டு போறேள்? நான் எழுதினதுல இது கிடையாதே.”

பழுதை எடுத்து வைத்துக்கொண்டோம் என்று திட்டுவாரோ என்று செல்வி பெட்டியை மூடப் போனாள். அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு சுற்று பார்த்தார். முகமே மாறிவிட்டது.

“ரொம்ப நன்னா இருக்கே! செத்தவா சும்மா உட்கார்ந்து மொபைலை நோண்டிண்டிருப்பா. அதுக்கு என்ன பண்றதுன்னு ஒரு வருஷமா மண்டையைப் பிச்சிண்டிருக்கேன். யார் யோசிச்சது இது?”

கேட்டபோது அவர் என்னைப் பார்த்தார். கார்டு என் கையில் இருந்தது. அதில் என் கையெழுத்து.

“விளையாடுறப்ப வந்தது சார்” என்றேன். அது பொய்யில்லை. பிறகு ஆங்கிலத்துக்கு மாறினேன். ஏன் மூன்று கட்டம், ஏன் ஒரு பகடை, விளக்கை ஏன் தோளில் இருப்பவள் உருட்டவேண்டும் என்று பத்து நிமிடம் பேசினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல ஆங்கிலம் நான் பேசியதில்லை. அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அக்கா எழுந்துபோய் ஓரத்தில் கிடந்த டிரம்மின் மேல் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீயேவா இத்தனையும் யோசிச்சே?” என்று அவர் மறுபடி தமிழில் கேட்டார்.

ஒரு பெயர். அதைச் சொல்லியிருக்கவேண்டும். நான் சிரித்தேன்.

அக்கா சொன்னாள்: “அவதான் சார் எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கா. படிச்ச புள்ள.”

அவள் என்னைத் தூக்கிக்கொண்டு போனாள் என்று இந்த இடத்தில் எழுதினால் அழகாக இருக்கும். அது உண்மையில்லை. எனக்கு அன்று கால் நன்றாகவே இருந்தது. நானே நடந்துதான் போனேன்.

டிகிரி முடிந்ததும் செம்பூர் ஆபீஸில் சேர்ந்தேன், விதி எழுதுகிற வேலைக்கு. இரண்டாம் பதிப்பில் ஏழாம் பக்கம் வந்தது, கடைசிப் பக்கத்தில் என் பெயரும் வந்தது. புத்தகங்கள் பெட்டியில் அடைக்க அதே கார்கானாவுக்குப் போயின. சரிபார்க்க என்னைத்தான் அனுப்பினார்கள். கழுத்தில் ஐடி கார்டோடு அந்த ஏணியில் ஏறினேன்.

“வா வா, ஆபீஸ்காரி” என்றாள் அக்கா. “ஒம்பேரு போட்டிருக்காம்ல? செல்வி சொன்னா. எங்ஙன, காமி.”

காட்டினேன். கீறல் விழுந்த விரலைச் சேலையில் துடைத்துவிட்டு, என் பெயரின்மேல் மெதுவாக ஓட்டினாள். அவளுக்கு உண்மையாகவே சந்தோஷம். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

“வேற யாரு யாரு பேரெல்லாம் போட்டிருக்கு?”

வாசித்தேன். உருவாக்கியவர், படம் வரைந்தவர், அச்சிட்டவர். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். முடித்தபிறகும் கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்கவில்லை.

“அவ்ளோதானா? சின்ன எழுத்துல ஒண்ணும் இல்லையே?”

“இல்லக்கா.”

“சரி” என்றாள். அந்தப் புத்தகத்தை மூடிப் பெட்டிக்குள் வைத்தாள். அடுத்த பெட்டியை எடுத்தாள்.

அன்று திரும்பும்போது, ஆபீஸில் அவரிடம் சொல்லிவிடுவது என்று நினைத்துக்கொண்டுதான் ரயில் ஏறினேன். செம்பூரில் இறங்கும்போது, அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது. இன்னொரு தடவை சொல்ல ஆரம்பித்தேன். “அந்த ஏழாம் பக்கம் இருக்கே சார்” என்றதும் அவர், “அதுதாம்மா நம்ம கேமோட உயிரே” என்றார். நான் எழுத்துப்பிழை ஒன்று இருக்கிறது என்று சொல்லி முடித்துக்கொண்டேன்.

சென்ற மாதம் செம்பூரில் ஒரு காப்பிக் கடையில் விளையாட்டுப் பிரியர்கள் கூடினார்கள். எல்லாம் நல்ல வேலையில் இருக்கும் பிள்ளைகள். அந்த விதி எப்படித் தோன்றியது என்று ஒருவர் கேட்டார். நான் மழையைச் சொன்னேன். இருட்டுச் சந்து, இடுப்பளவு தண்ணீர், முதுகில் அம்மா, அம்மாவின் கையில் லைட். தூக்கியது யார் என்று சொல்லவில்லை. நான் கிங்ஸ் சர்க்கிளில் ஒரு கடைப் படியில் நின்றுகொண்டிருந்ததையும் சொல்லவில்லை. கேட்டவர்கள் கை தட்டினார்கள். விதியை எடுத்துக்கொண்டது போதாதென்று, அன்று அந்த மழையையும் எடுத்துக்கொண்டேன்.

யாரோ அதை வீடியோ எடுத்துப் போட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி அதை அம்மாவிடம் காட்டிவிட்டாள். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டாள்:

“நீ என்னத் தூக்கினியாம்ல?”

“அப்படிச் சொல்லலம்மா. அவங்களா அப்படி எடுத்துக்கிட்டாங்க.”

“யாரு தூக்கினான்னு சொன்னியா?”

“இல்ல.”

“அவ கழுத்தக் கட்டிக்கிட்டு வந்தவ நான். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்லா, யாரு கழுத்துன்னு.” அம்மா தட்டை எடுத்து வைத்தாள்.

கார்கானா போன வருடம் பிவண்டிப் பக்கம் போய்விட்டது. அவ்வளவு தூரம் போய்வர முடியாமல் அக்கா வேலையை விட்டுவிட்டாள். இப்போது சீத்தா கேம்ப் குடியிருப்பில் தங்கச்சியோடு இருக்கிறாள். ஒரு சடங்கு வீட்டில் அம்மா அவளைப் பார்த்திருக்கிறாள். அங்கே சாக்பீஸால் தரையில் கட்டம் போட்டு, சோடா மூடிகளை வைத்து, பக்கத்து வீட்டுப் பெண்களோடு அதே விளையாட்டை ஆடுகிறாளாம். கார்டு கிடையாது. என்ன பூதம் வருகிறது என்று அவளே சொல்வாளாம். மூடிகளை மல்லாத்தி வைத்தால் விழுந்தவள் என்று அர்த்தமாம்.

“என்னப் பத்தி எதாவது கேட்டாளா?”

“கேட்டா. ஒனக்கு ஆபீஸ்ல சாப்பாடு குடுக்காவளான்னு கேட்டா.”

இதை நான் தமிழில் எழுதுகிறேன். அக்காவால் இதை வாசிக்க முடியாது. செம்பூரில் அவராலும் முடியாது. என் தப்பை இந்த இரண்டு பேருக்கும் தெரியாத எழுத்தில் எழுதி வைத்துவிட்டு, சொல்லிவிட்டதாக நெஞ்சை ஆற்றிக்கொள்ளலாம். பாதி எழுதும்போதே அது எனக்குப் புரிந்துவிட்டது. அக்காவின் பெயரை இங்கே எங்கும் நான் எழுதவில்லை. மறதியால் இல்லை. அவளுடையதை அவளைக் கேட்காமல் ஒருமுறை எடுத்தது போதும்.

மூன்றாம் பதிப்பு செவ்வாய்க்கிழமை அச்சேறுகிறது. அதனால் எழுதிக்கொண்டிருந்த இதை அப்படியே வைத்துவிட்டு நேற்று அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு மெயில் எழுதினேன். நான்கு வரிதான். ஏழாம் பக்கத்து விதி என்னுடையது இல்லை. அதை உண்டாக்கியவர் கார்கானாவில் பழுதானதை ஒதுக்கிக்கொண்டிருந்த பெண், நீங்கள் வந்த அன்று டிரம்மின்மேல் உட்கார்ந்திருந்தவர். அந்த மழையும் அவருடையது. திங்கட்கிழமை எனக்கு லீவு வேண்டும், அவருடைய பெயரைப் போடலாமா, எப்படிப் போடவேண்டும் என்று அவரிடமே நேரில் கேட்கப் போகிறேன்.

அந்த விதிக்காகத்தான் அவர் எனக்கு வேலை கொடுத்தார். அது இல்லையென்றால் வேலை இருக்குமா என்று தெரியாது. அனுப்பிவிட்டேன்.

இன்று மத்தியானம்வரை பதில் வரவில்லை. அக்கா வேண்டாம் என்றும் சொல்லலாம், கதவையே திறக்காமலும் இருக்கலாம். எப்படியானாலும் இப்போது இருக்கிறபடி அது அச்சாகக் கூடாது. அச்சகத்துக்குப் போன் செய்து, ஏழாம் பக்கமும் கடைசிப் பக்கமும் வருகிற அச்சுத் தாளை நிறுத்தி வைக்கச் சொன்னேன்.

“யார் சொன்னதுன்னு எழுதிக்கட்டும்?” என்று கேட்டார்கள்.

என் பெயரைச் சொன்னேன்.